சியரா லியோனில் இரண்டு வார ஹெர்னியா கேம்ப்: போகலாமா, பணத்தை அனுப்பிவிடலாமா?

செல்வி_நெல்லை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸ், 6 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் 7 வருடம் திருநெல்வேலிப் பக்கம் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தேன். எங்கள் தியேட்டரில் ஒரு சர்ஜன் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் இலவசமாக ஆபரேஷன் செய்துவிட்டு வருவார். இந்தத் தடவை சியரா லியோன், ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி, ஜூலையில் இரண்டு வாரம், முக்கால்வாசி குடலிறக்க (ஹெர்னியா) ஆபரேஷன்தான். ஸ்க்ரப் நிற்க, அதாவது ஆபரேஷன் மேசையருகே நின்று கருவி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று என்னைக் கேட்டார். டிக்கெட், விசா, தடுப்பூசி, தங்கும் செலவு எல்லாம் அவரவர் கைக்காசு. எனக்கு 1,800 பவுண்ட் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். லீவும் என்னுடைய வருடாந்திர லீவுதான். அம்மா வருத்தப்படுகிறார், அந்த இரண்டு வாரம் ஊருக்கு வரக்கூடாதா என்று.

கேட்டவுடனே சரி என்று சொல்லத்தான் மனசு வந்தது. அதற்குக் காரணம் அப்பா. அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர். வலது பக்கம் இறக்கம் வந்து 9 வருடம் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே வேலைக்குப் போனார், ஆபரேஷன் செய்தால் இரண்டு மாதம் சம்பளம் போய்விடும் என்று. ஒரு நாள் ராத்திரி இறங்கின குடல் உள்ளே போகவே இல்லை. வாந்தி, வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார், மணி இரண்டு இருக்கும். விடிவதற்குள் ஆபரேஷன் முடிந்தது, ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. நர்ஸிங் எடுத்ததே அதற்குப் பிறகுதான்.

ஆனால் போன வாரம் கூட வேலை செய்கிற ஒரு பெண் நேருக்கு நேர் சொன்னாள், இதெல்லாம் போகிறவர்களுடைய மனநிறைவுக்குத்தான், அங்கிருக்கிறவர்களுக்கு இதனால் தொல்லைதான் என்று. அதிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. இப்படிப் போய் வந்தவர்கள், அந்த ஊரைத் தெரிந்தவர்கள் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். போவது உண்மையிலேயே யாருக்காவது உதவுமா? இல்லை, அந்த 1,800 பவுண்டை அப்படியே அங்கே அனுப்பிவிடுவது நல்லதா?

மாசி_வீதி

சகோதரி, உங்கள் மனசு புரிகிறது, இருந்தாலும் கணக்கைக் கணக்காகப் பார்ப்போம். 6 பேர் போனால் 6 பெருக்கல் 1,800, மொத்தம் 10,800 பவுண்ட். அதில் பெரும்பகுதி விமானக் கம்பெனிக்கும் ஓட்டலுக்கும் போகிறது.

சியரா லியோனிலேயே இதற்கு வேறு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே கம்யூனிட்டி ஹெல்த் ஆபீசர் என்று ஒரு பதவி உண்டு. எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் இல்லை, ஆனால் மருத்துவப் பயிற்சி பெற்று கிராமங்களில் வேலை பார்ப்பவர்கள். 2011 முதல் கேப்பாகேர் என்ற நார்வே நாட்டு அமைப்பும் அந்நாட்டு சுகாதார அமைச்சும் சேர்ந்து அவர்களுக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுக்கின்றன. மையம் மசாங்கா என்ற இடம், ஒரு காலத்தில் தொழுநோய் ஆஸ்பத்திரியாக இருந்து உள்நாட்டுப் போரில் நாசமாகிப்போய் மறுபடி எழுப்பப்பட்டது. இரண்டு வருடப் பயிற்சி, அப்புறம் ஒரு வருடம் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை. சிசேரியன், ஹெர்னியா, குடல்வால் எல்லாம் செய்கிறார்கள். மெஷ் (உள்ளே தாங்கலாக வைக்கும் வலை) வைத்து ஹெர்னியா சரிசெய்வதில் இவர்களையும் டாக்டர்களையும் அந்நாட்டிலேயே ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. இவர்கள் செய்தது டாக்டர்கள் செய்ததற்குக் கொஞ்சமும் குறைவாக இல்லை.

அப்படி ஒருவர் 30 வருடம் அங்கேயே இருந்து கத்தி பிடிப்பார். நீங்கள் 14 நாள் இருப்பீர்கள். பணத்தை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, லீவுக்கு அம்மாவிடம் போங்கள் என்பது என் கருத்து. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வைகைக்கரை_டாக்டர்

சிஸ்டர், நான் மயக்க மருந்து டாக்டர், 27 வருட அனுபவம். இந்த மாதிரிப் பயணங்கள் ஐந்து போயிருக்கிறேன், அதில் இரண்டு சியரா லியோனுக்கு. முதல் பயணத்தைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு, கடைசி இரண்டைப் பற்றி நிம்மதி உண்டு. அந்த வித்தியாசத்தைச் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும்.

முதலில் மாசி_வீதி சொன்னதற்கு ஒரு வார்த்தை. பயிற்சி விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கத்தி பிடிக்க ஆள் வந்ததும் வேலை முடிந்துவிடாது. அந்த ஆளுக்கு ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) சரியாகக் கிருமி நீக்கிய கருவி வேண்டும், எண்ணி வைக்கத் தெரிந்த நர்ஸ் வேண்டும், கரண்ட் போனாலும் ஓடுகிற ஆக்ஸிஜன் வேண்டும், ரத்தம் வேண்டும். 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு உலகத்தில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகிற அறுவை சிகிச்சை எட்டாத நிலை என்று கணக்குச் சொன்னபோது அதில் இது எல்லாமே அடங்கியிருந்தது. வெறும் பணம் அனுப்பி இவ்வளவையும் உண்டாக்க முடியாது, பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க மனிதர்கள் போகத்தான் வேண்டும்.

இப்போது என் முதல் பயணம். எந்த ஊர், எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. 10 நாளில் 100 ஆபரேஷன் என்று புறப்படும்போதே இலக்கு வைத்தார்கள். அந்த எண் எல்லோர் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. எட்டாவது நாள் 71இல் நின்றோம், அப்புறம் காலை ஆறரைக்கு ஆரம்பித்து ராத்திரி ஒன்பது வரை செய்தோம். ஸ்பைனல் (முதுகில் போடும் மயக்க ஊசி) போட்டுக்கொண்டே இருந்தேன், முதுகுகள்தான் மாறின, முகங்கள் நினைவில் இல்லை. அந்த ஊர் மயக்க மருந்து நர்ஸ் ஒருவர், 50 வயதிருக்கும், ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவருடைய தியேட்டரையே வாங்கிக்கொண்டோம், அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. ஒரு நாள் மத்தியானம் அவசரமாக ஒரு பிரசவ கேஸ் வந்தது. இரண்டு மேசையிலும் எங்கள் ஹெர்னியா நோயாளிகள் படுத்திருந்தார்கள். அந்தத் தாய் 40 நிமிடம் வராந்தாவில் காத்திருந்தார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள், அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். பிழைக்காமல் போயிருந்தால் அது எங்கள் கணக்கில்தான் சேர்ந்திருக்கும், ஆனால் நாங்கள் எழுதிய அறிக்கையில் எங்கேயும் வந்திருக்காது.

எண்ணிக்கையைத் துரத்துவது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் நடந்த கருத்தடை முகாம். சில மணி நேரத்தில் ஒரே டாக்டர் 83 பெண்களுக்குச் செய்தார், பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். அதனால்தான் யாராவது இத்தனை நாளில் இத்தனை கேஸ் என்று ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் பயம் வருகிறது.

உங்கள் அப்பா விஷயத்தைப் படித்தேன், இரண்டு தடவை படித்தேன். அவரைக் காப்பாற்றியது கேம்ப் இல்லை சிஸ்டர். ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்திருந்த ஒரு ஆஸ்பத்திரி. டியூட்டியில் இருந்த ஒரு சர்ஜன், ஒரு மயக்க டாக்டர், ஸ்டெரிலைஸ் ஆகித் தயாராக இருந்த ஒரு செட், அதை எடுத்துக் கொடுத்த ஒரு நர்ஸ். சியரா லியோனிலும் குடல் சிக்கிக்கொள்வது ஜூலை மாதம் உங்கள் சர்ஜன் இருக்கிற இரண்டு வாரத்தில் மட்டும் நடக்காது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நாம் போய்விட்டு வந்த பிறகு அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற மூட்டை தூக்கும் மனிதருக்கு, நாம் போவதற்கு முன் இருந்ததைவிட ஏதாவது ஒன்று கூடியிருக்குமா? கூடும் என்றால் போங்கள். அந்த இரண்டு வாரத்து நோயாளிகளுக்கு மட்டும்தான் என்றால், அதுவும் உதவிதான், நான் மறுக்கவில்லை. ஹெர்னியா சரியானால் ஒரு விவசாயி மறுபடி வயலில் இறங்குவார், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்கு அந்த ஆஸ்பத்திரி கொடுக்கிற விலையையும் பார்க்க வேண்டும்.

என் கடைசி இரண்டு பயணங்களும் ஒரே ஊருக்குத்தான். ஒரு நாளைக்கு ஒரு மேசை, நாலு கேஸ், அதற்கு மேல் கிடையாது. ஸ்பைனல் போடுவது உள்ளூர் மயக்க நர்ஸ், நான் பக்கத்தில். இரண்டாவது மேசை எப்போதும் காலி, அவசரத்துக்கு. இரண்டாவது வருடம் போனபோது அந்த நர்ஸ் தன் கையால் எழுதி வைத்த பதிவேட்டை எடுத்துக் காட்டினார், நான் இல்லாத 11 மாதத்தில் அவர் போட்ட ஒவ்வொரு ஸ்பைனலும், ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியது, என்ன செய்தார் என்று. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்களுக்கே தோன்றியிருக்காது. உங்களோடு வரும் இங்கிலாந்து நர்ஸுகளுக்கு எல்லாமே ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடுகிற கவுன், விரிப்பு. நீங்கள் நெல்லையில் துணி கவுனை மடித்து, டிரம்மில் அடுக்கி, ஆட்டோகிளேவ் போட்டு வளர்ந்தவர். டிரம்மை எவ்வளவு இறுக்கமாக அடைக்கக் கூடாது, ஈரத்தோடு வந்த பேக்கை (துணி, கருவிக் கட்டை) ஏன் ஒதுக்க வேண்டும், கையுறையைக்கூடக் கழுவிப் பவுடர் போட்டு வைத்த காலம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அந்தக் குழுவிலேயே அதிகம் உபயோகப்படப்போவது நீங்களாகத்தான் இருக்கும். இதை உங்களை ஊக்கப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஃப்ரீடவுன்_வாசி

வணக்கம். நான் தஞ்சாவூர்க்காரன், சியரா லியோன் தலைநகர் ஃப்ரீடவுனில் ஒரு இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், 8 வருடமாக இங்கேதான். மருத்துவம் எனக்குத் தெரியாது, ஊரைத் தெரியும், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் விஷயம், ஜூலை வேண்டவே வேண்டாம் அக்கா. இங்கே மழை மே மாதம் ஆரம்பித்து அக்டோபர் தாண்டிப் போகும், ஜூலையும் ஆகஸ்டும்தான் உச்சம். நம் ஊர் ஐப்பசி அடைமழை இரண்டு மாதம் விடாமல் பெய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2017 ஆகஸ்ட் 14ஆம் தேதி காலையில் ஃப்ரீடவுன் ஓரத்தில் மலை சரிந்து ஆயிரம் பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். கிராமத்துச் சாலை பல இடத்தில் சேறாகிவிடும், நோயாளி மோட்டார் பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் வர வேண்டும். தையல் போட்ட அடிவயிற்றோடு அதே பைக்கில் திரும்பிப் போக வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், அது நடவுக் காலம். இங்கேயும் நம் ஊர் மாதிரிதான், சோறு சாப்பிடவில்லை என்றால் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்று சொல்கிற ஜனங்கள். ஜூலையில் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு மனிதர் வாரக்கணக்கில் பாரம் தூக்காமல் இருந்தால் அந்த வருட நெல் என்னாவது? உங்கள் அப்பா 9 வருடம் தள்ளிப்போட்டது எதனாலோ அதே காரணம்தான் இங்கேயும். உங்கள் சர்ஜன் ஜூலையைத் தேர்ந்தெடுத்தது அவர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்தா, இந்த ஜனங்களின் வேலையை வைத்தா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அறுப்பு முடிந்து ஜனவரி, பிப்ரவரி என்றால் ஆட்கள் தாமாகவே வருவார்கள்.

இரண்டாவது, எங்கள் கிடங்கில் மூட்டை இறக்குகிற ஒருவர் கதை. போர்ட் லோகோ பக்கத்துக்காரர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது வெளிநாட்டுக் குழு ஒன்று இலவசமாக ஹெர்னியா ஆபரேஷன் செய்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் படுத்தார். நல்லபடியாகத்தான் செய்தார்கள், அன்பாகவும் நடத்தினார்கள், இன்றைக்கும் அந்த வெள்ளைக்கார அம்மாவைப் புகழ்ந்து பேசுவார். ஒன்பதாவது நாள் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. குழு விமானம் ஏறி நாலு நாள் ஆகிவிட்டது. கையில் ஒரு சீட்டு, அதில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் நாலு வார்த்தை, கீழே ஒரு ஈமெயில் முகவரி. ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன செய்தார்கள், உள்ளே வலை வைத்தார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை, நோட்டில் எழுதியிருக்கவில்லை. ஆன்டிபயாடிக் அவர் காசில் வெளியே வாங்கினார், அந்த மாதச் சம்பளத்தில் பாதி போய்விட்டது. கடைசியில் கம்யூனிட்டி ஹெல்த் ஆபீசர் ஒருவர் சாயங்காலம் வேலை முடிந்து நின்று புண்ணைத் திறந்து கழுவி, 16 நாள் தினமும் கட்டு மாற்றிவிட்டார். இப்போது மனிதர் நன்றாக இருக்கிறார், மறுபடி மூட்டை தூக்குகிறார். அந்த ஹெல்த் ஆபீசரிடம் இப்படி ஒரு கேம்ப் நடக்கப்போகிறது, பிறகு நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மூன்றாவது. இங்கேயும் வாலண்டியர் என்ற சொல் இருக்கிறது, அர்த்தம் வேறு. அரசாங்கச் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாமல், ஏறும் ஏறும் என்று காத்துக்கொண்டு, வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை செய்கிற நர்ஸுகளுக்கு இங்கே அந்தப் பெயர். நீங்கள் போகிற ஆஸ்பத்திரியிலும் இருப்பார்கள். கேம்ப் நடக்கும்போது அவர்களும் ராத்திரி வரை நிற்பார்கள், வார்டு முழுக்க அவர்கள் தலையில். வந்தவர்களுக்கு மட்டும் மேசை போட்டுச் சாப்பாடு வைத்துவிட்டு அவர்களைப் பசியோடு வீட்டுக்கு அனுப்புகிற குழுக்களும் உண்டு. உங்கள் குழு அவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஏதாவது ஒதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எபோலா வந்த 2014இல் கேம்ப்கள் நின்றுபோயின, இருந்து நோயாளிகளைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்த ஊர் ஆட்கள்தான். டாக்டர் மார்ட்டின் சாலியா என்ற சர்ஜன் அதிலேயே நோய் தொற்றி இறந்தார். அப்படி இழந்ததை இன்னும் ஈடுகட்ட முடியவில்லை. உதவி தேவைதான். எப்படி வருகிறோம் என்பதுதான் விஷயம்.

மாசி_வீதி

ஃப்ரீடவுன் நண்பர் சொன்ன நடவுக் கால விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் அம்மா சொன்னதும் சரி. பணமா, ஆளா என்று நான் கேட்டது குறுகலான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் போகிறவர்கள் ஒவ்வொருவரும் டிக்கெட் செலவில் நாலில் ஒரு பங்காவது அந்த ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பேன். மெஷ் வாங்கவாவது ஆகும்.

பீளமேடு_பட்டறை

நான் மருத்துவக் கருவிகள் சரிசெய்கிறவன், கோயம்புத்தூர். கிழக்கு ஆப்பிரிக்காவில் 3 வருடம் வேலை பார்த்தேன். இரண்டு விஷயம் மட்டும்.

மெஷ் என்றதும் நினைவுக்கு வருகிறது. மகாராஷ்டிரத்தில் தொண்டாயிச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் டோங்காவ்கர் என்ற சர்ஜன் 1990களிலேயே சாதாரணக் கொசுவலைத் துணியை வெட்டி, ஸ்டெரிலைஸ் செய்து ஹெர்னியாவுக்கு வைக்க ஆரம்பித்தார். கம்பெனி மெஷ் விலையோடு ஒப்பிட்டால் காசே இல்லை. பிறகு உகாண்டாவில் 302 ஆண்களுக்கு இரண்டையும் வைத்துப் பார்த்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே உங்கள் குழு இங்கிலாந்திலிருந்து விலையுயர்ந்த மெஷ் கொண்டுபோய் அதில் பழக்கிவிட்டு வந்துவிட்டால், அப்புறம் அவர்கள் எங்கே போய் வாங்குவார்கள்? அங்கே ஏற்கெனவே எதை உபயோகிக்கிறார்களோ அதிலேயே செய்யச் சொல்லுங்கள். கொசுவலைதான் என்றால் எந்த வலையையும் வெட்டிவிடக் கூடாது. மருந்து தோய்த்த வலை கூடாது. இழை எதில் ஆனது, எத்தனை டிகிரி சூடு தாங்கும் என்று பார்க்காமல் ஆட்டோகிளேவில் வைத்தால் சுருங்கிவிடும்.

அடுத்தது, மெஷின் எதுவும் தானமாகக் கொண்டுபோகாதீர்கள், அவர்கள் பெயர் சொல்லிக் கேட்டாலொழிய. ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற கருவிகளில் நூற்றுக்கு 40 அளவுக்கு வேலை செய்யாமல் கிடக்கிறது, நானே அறை அறையாகப் பார்த்திருக்கிறேன். சியரா லியோனில் 230 வோல்ட், பிளக்கும் இங்கிலாந்து மாதிரி மூன்று சதுரக் கால், அதனால் அந்தப் பிரச்சினை உங்களுக்கு இல்லை. ஆனால் கரண்ட் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் இல்லாமல் எதையும் செருகாதீர்கள். ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின்) கரண்ட் போனதும் நின்றுவிடும், பக்கத்தில் நிரப்பின சிலிண்டர் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் காலையில் பாருங்கள். ஜனவரியில் போனால் சகாராவிலிருந்து புழுதிக்காற்று வரும். கான்சன்ட்ரேட்டரின் பின்னால் இருக்கிற பஞ்சு ஃபில்டரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுவதற்கு ஒரு ஆளைப் பழக்கிவிட்டு வந்தாலே அந்த மெஷின் இரண்டு வருடம் கூடுதலாக உழைக்கும்.

செல்வி_நெல்லை

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத 12 நாள் ஆகிவிட்டது, காரணம் நீங்கள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சர்ஜனிடம் முதலில் பேசினேன். ஜூலை ஏன் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. குழுவில் மூன்று பேருக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும் என்றார். நடவு பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பயந்துகொண்டுதான் போனேன், ஆனால் உட்காரச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு, அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றார். யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டேன். மாவட்ட அதிகாரிக்குக் கடிதம் போட்டிருக்கிறார், தியேட்டரில் வேலை பார்க்கிறவர் யாரிடமும் பேசவில்லை.

அப்புறம் அவரே நம்பர் வாங்கி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அந்த ஆஸ்பத்திரி ஆளிடம் பேசினோம். மாசி_வீதி அண்ணன் சொன்ன அதே பயிற்சியில் தேறியவர்தான் அங்கே ஆபரேஷன் செய்கிறார். லைன் அடிக்கடி விட்டுப்போனது, மூன்று தடவை கூப்பிட்டோம். ஹெர்னியா என்னால் செய்ய முடியும், வாரத்துக்கு நாலு செய்கிறேன் என்றார். பெரிதாக இறங்கி விரை வரைக்கும் வந்து வருடக்கணக்கில் கிடக்கிற கேஸ்கள், குழந்தைகள், ஒரு தடவை செய்து திரும்ப வந்தவை, இந்த மூன்றுக்கும்தான் பக்கத்தில் அனுபவமான ஆள் வேண்டும், 20 பேரைக் குறித்து வைத்திருக்கிறேன் என்றார். எங்கள் சர்ஜன் 120 என்று போட்டு வைத்திருந்தார்.

அதற்கப்புறம் அவர் என்னிடம்தான் நேராகக் கேட்டார். ஸ்டெரிலைஸ் அறையில் இருந்தவர் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது இரண்டு இளம் பெண்கள் பார்க்கிறார்கள், இரண்டு பேரும் சம்பளமில்லாத வாலண்டியர்கள், யாரும் முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, போன மழைக்காலத்தில் சிசேரியன் செய்த மூன்று தாய்மார்களுக்கு ஒரே வாரத்தில் புண் சீழ் வைத்துவிட்டது, பேக் ஈரமாக வருகிறது என்று சந்தேகப்படுகிறேன், நீங்கள் அந்த அறையில் அவர்களோடு இருக்க முடியுமா, சர்ஜன் போன பிறகும் ஒரு வாரம் இருக்க முடியுமா என்று. டாக்டர் மேடம், நீங்கள் எழுதியதை அவர் படித்த மாதிரியே இருந்தது.

ஜனவரிக்கு மாற்றியாகிவிட்டது. ஒரு மேசை, ஒரு நாளைக்கு நாலு, இன்னொரு மேசை காலி. கத்தி பிடிப்பது அவர், எங்கள் சர்ஜன் உதவிக்கு நிற்பார். ஒவ்வொரு கேஸும் ஆஸ்பத்திரி நோட்டில் எழுதப்படும், கட்டு மாற்றுவதற்கும் மருந்துக்கும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு வருவோம். மூன்று பேருக்கு ஜனவரியில் லீவு கிடைக்காது, அவர்கள் வரவில்லை. அவர்களில் இரண்டு பேர் டிக்கெட் காசில் பாதியை அங்கே உள்ள ஸ்டாஃப் சாப்பாட்டுக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். நான் 3 வாரம். அம்மாவிடம் பேசிவிட்டேன், அப்பாவின் ராத்திரியை ஞாபகப்படுத்தினேன், கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, போயிட்டு வா, ஆனால் சித்திரைக்கு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாகிவிட்டது, மலேரியா மாத்திரை எழுதி வாங்கிவிட்டேன். அங்கே நர்ஸாக வேலை செய்யத் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. ஆட்டோகிளேவ் டேப் (சூடு பட்டதும் நிறம் மாறிக் காட்டும் பட்டை) 40 ரோல், நல்ல கெட்டித் துணி 60 மீட்டர் எடுத்துப்போகிறேன், விரிப்பு தைக்க அங்கேயே தையல்காரர் இருக்கிறாராம். கடைசியாக ஒரு சந்தேகம். அவர் போட்டோ அனுப்பினார், கத்தரிகள் எல்லாம் மழுங்கிப்போயிருக்கின்றன, நூலையே மென்று தின்கிற மாதிரி வெட்டுகிறதாம். ஃப்ரீடவுனில் ஆபரேஷன் கத்தரிக்குச் சாணை பிடிக்க ஆள் உண்டா?

ஃப்ரீடவுன்_வாசி

விசாரித்துவிட்டேன் அக்கா. சந்தையில் கத்தி, வெட்டரிவாள் தீட்டுகிறவர்கள் நிறைய உண்டு, ஆபரேஷன் கத்தரி என்றதும் கைவிரித்துவிட்டார்கள். விமானம் இறங்குவது லுங்கியில், அங்கிருந்து ஃப்ரீடவுனுக்குக் கடல் கழியைப் படகில் தாண்ட வேண்டும், ராத்திரி விமானமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நான் இந்தக் கரையில் வந்து நிற்கிறேன். முதல் நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. இங்கே மரவள்ளி இலையை இடித்துக் குழம்பு வைப்பார்கள், என் மனைவி அதை நம் ஊர்க் காரத்தில் செய்வாள்.

பீளமேடு_பட்டறை

சந்தையில் கொடுக்காதீர்கள் சிஸ்டர், சக்கரத்தில் வைத்தால் சூடேறி இரும்பின் பதம் போய்விடும். நைஸ் எண்ணெய்க்கல் ஒன்று, கரடு ஒன்று, சின்னது போதும், பையில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரியைத் திறந்து, வெட்டுகிற முனையின் சாய்வை மட்டும் கல்லில் ஒரே திசையில் இழுக்க வேண்டும், உள்பக்கத்துத் தட்டையைத் தொடவே கூடாது. நாலு மடிப்பு காஸ் துணியை நுனியால் வெட்டிப் பாருங்கள், இழை இழுக்காமல் வெட்டினால் சரி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வாருங்கள், முடிந்தால் அந்தப் பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கத்தரி நான் தீட்டிக் காட்டுகிறேன், மூன்றாவதை அவர்கள் செய்யட்டும்.